ஐந்து வீட்டுக்கு ஓர் அடுப்பு

ஜூன் 23, ஞாயிறு

கல்லோடை சாஸ்தா கோவிலில் இந்த வருஷம் விறகு அடுப்பு கூடாதாம். வாசலில் காட்டிலாகாக்காரர்கள் கட்டியிருக்கும் தட்டியைத் தாணு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். ஆற்றங்கரையில் குடில் போடலாம், தங்கலாம், கேஸ் அடுப்பில் சமைக்கலாம். ஆனால் ஒரு சுள்ளி பொறுக்கக் கூடாது. தாணு என் தம்பி. எதையாவது போட்டோ பிடித்துப் போட்டுவிட்டு, அடுத்தவன் என்ன செய்யப்போகிறான் என்று வேடிக்கை பார்ப்பது அவன் சுபாவம்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் குடும்பம் அங்கே மூன்று நாள் குடில் போட்டுத் தங்கும். பெரியண்ணாச்சி வீடு, என் வீடு, தாணு வீடு, சித்தப்பா மக்கள் வீடு இரண்டு. ஐந்து வீட்டுக்கும் அடுப்பு ஒன்றுதான். அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடுவோம். கூட்டுப் பானை என்று பெயர். அதில் யார் அரிசி விழுகிறதோ அவர்கள் குடும்பம். அந்தச் சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபின் பழைய கோபத்தை யாரும் பேசக்கூடாது. வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போன அப்பாவும் சித்தப்பாவும் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு ஒரே வெற்றிலைச் செல்லத்தில் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டுவது மூத்தவர் உரிமை. பெரியண்ணாச்சி அதை யாருக்கும் விட்டதில்லை. இப்போது கல்லும் இல்லை, விறகும் இல்லை. அப்படியானால் அடுப்பு யாருடையது என்று இன்னும் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். கேஸ் அடுப்பு என் பொறுப்பு என்று உடனே எழுதிப் போட்டேன். பெரியண்ணாச்சி கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

அடுப்பு என்னுடையது என்றால் சங்கரியைக் கூப்பிடலாம்.

ஜூன் 24, திங்கள்

வீட்டுக்காரி பிரம்முவிடம் விஷயத்தைச் சொன்னேன். புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அண்ணாச்சிகிட்ட கேட்டீயளா?"

"கேக்கணும்."

"மொதல்ல அதக் கேளுங்க. பொறவு அடுப்பு வாங்கலாம்."

சங்கரி எங்களுக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் தன்னோடு வேலை பார்க்கும் செழியனை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வேறு ஆட்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நான் மட்டும் அவ்வப்போது மொட்டைமாடிக்குப் போய் அவளோடு போனில் பேசுவேன். பேசிவிட்டு இறங்கி வந்தால் பிரம்மு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது.

ஜூன் 30, ஞாயிறு

ஜங்ஷனில் மைதீன் பாய் கடைக்குப் போனேன். அடுப்பில் இத்தனை சாதி இருக்கும் என்று நினைக்கவில்லை.

முதலில் காட்டியது பெட்டி அடுப்பு. சூட்கேஸ் மாதிரித் திறக்கலாம். பக்கவாட்டில் கொசு மருந்து டப்பா போல ஒரு சின்ன கேஸ் டப்பாவைப் படுக்கவைத்து மூடினால் போதும், டியூபும் வேண்டாம் ரெகுலேட்டரும் வேண்டாம். காரில் டூர் போகிறவர்கள் இதைத்தான் தூக்கிப்போகிறார்களாம். இரண்டு பேருக்குக் காபி போடலாம், குக்கர் வைக்கலாம். பெரிய பாத்திரம் ஏற்றினால் அதன் சூடு திரும்பி டப்பாமேல் அடிக்கும், ஆபத்து. இரண்டாவது, சின்ன சிலிண்டர் தலையிலேயே பர்னரைத் திருகிவைப்பது. பார்க்க அழகு. ஆற்றுமணலில் வைத்தால் பானையோடு குப்புற விழும். மூன்றாவது, கல்யாணச் சமையல்காரர்கள் வைத்திருக்கும் மூன்று கால் இரும்பு அடுப்பு. கனம். சீறுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். ஆனால் அண்டாவை ஏற்றினாலும் அசையாது.

"எத்தன பேருக்கு சார் சமையல்?"

"இருவத்தி ரெண்டு."

"அப்ப இதுதான். ஆனா இப்பல்லாம் குடும்பத்தோட போறவுக ஆளுக்கொரு பெட்டி அடுப்பு எடுத்துட்டுப் போயிருதாக. சண்ட சச்சரவு இல்ல பாருங்க."

அவருக்கு வியாபாரம். எனக்கு ஒன்றுதான் வேண்டும். யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன், எதையும் தீர விசாரிக்காமல் வாங்க மாட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

மூன்று அடுப்பின் நல்லது கெட்டதையும் விளக்கமாகக் குரூப்பில் எழுதினேன். காற்று, மணல், மழை, டப்பா எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம். பெட்டி அடுப்பைப் பற்றி, 'இரண்டு மூன்று பேருக்கு மிகவும் சௌகரியம், பெண்களே கையாளலாம்' என்று எழுதினேன். இருந்ததைத்தானே எழுதமுடியும்.

இருபது வருஷத்தில் முதல்முறையாக நான் சொன்னதை எல்லாரும் கடைசிவரை கவனித்திருக்கிறார்கள். தாணு கேள்வி கேட்டான். சித்தப்பா மகன் கேட்டான். பெரியண்ணாச்சியே, 'டப்பா நம்ம ஊரில் கிடைக்குமா?' என்று கேட்டார். கிடைக்கும் என்று கடை விலாசத்தோடு போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பெரியண்ணாச்சிக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து இரண்டுமுறை போனை எடுத்து எடுத்து வைத்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர் குரலைக் கேட்டால் எனக்கு இன்றும் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும்.

பெட்டி அடுப்பைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார். பருப்பு வேகுமா, ஒரு டப்பாவில் எத்தனை வேளை ஓடும் என்றெல்லாம் கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த வருஷம் சங்கரியும் அந்தத் தம்பியும் வரட்டுமான்னு கேக்கலாம்னு..." என்றேன்.



"வரட்டும்ல. கோயிலுக்கு வாறவங்கள நாம யாரு வேண்டாம்னு சொல்ல?"

"அரிசி கொண்டாரச் சொல்லட்டுமா?"

"கொண்டாரட்டும். அதுக்கென்ன."

போனை வைத்தபின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இரண்டு வருஷம் பயந்து செத்தேனே, ஒரு போனில் முடிகிற காரியத்துக்கு.

பிரம்முவிடம் சொன்னேன். "அவிய வேற என்ன சொன்னாவ?" என்றாள். அடுப்பைப் பற்றிக் கேட்டார் என்றேன். "ம்" என்றாள். இவளுக்கு எதில்தான் சந்தோஷம்.

ஜூலை 12, வெள்ளி

இரும்பு அடுப்பு வாங்கியாச்சு.

ஜூலை 14, ஞாயிறு

மொட்டைமாடியில் வெள்ளோட்டம். பாதி அண்டா தண்ணீர் வைத்துப் பற்றவைத்தேன். ஆடிக்காற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது, ஜுவாலை ஒருபக்கமாகச் சாய்ந்து அண்டாவைத் தொடவே மாட்டேன் என்றது. தகரக்காரனிடம் சொல்லி மூன்று மடிப்பாக ஒரு தடுப்பு வெட்டி வாங்கினேன். அதை வைத்ததும் கொதித்தது. ஆற்றங்கரையில் காற்று இதைவிட மோசம்.

பக்கத்து மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன சார், வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

பெரியண்ணாச்சி போன். நல்ல தரமாகப் பார்த்துப் பெட்டி அடுப்பு நாலு வாங்கி வைக்கச் சொன்னார். அவருக்கு ஒன்று, தாணுவுக்கு ஒன்று, சித்தப்பா மக்களுக்கு ஒவ்வொன்று. "நீ பாத்து வாங்குனா சரியா இருக்கும்" என்றார். மைதீன் பாயிடம் நாலையும் பிரித்து, நாலையும் பற்றவைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒன்றில் தீ மஞ்சளாக எரிந்தது. மாற்றித் தரச்சொன்னேன்.

கூடத்தில் வரிசையாக இருந்ததைப் பிரம்மு பார்த்தாள்.

"நாலு வீட்டுக்கு நாலு. நமக்கு?"

"நமக்குத்தான் பெருசு இருக்குல்லா."

"இது எதுக்கு அவியளுக்கு?"

"காலையில காப்பி போட. பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச. ஒவ்வொரு தடவையும் அண்டா அடுப்பப் பத்தவைக்க முடியுமா?"

 பிரம்மு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

மொட்டைமாடி. சங்கரி.

"அப்பா, நெசமாவே எல்லாரும் சரின்னுட்டாங்களா?"

"எல்லாரும் சரின்னாச்சு. நீ ஒரு படி அரிசி மட்டும் கொண்டா. பச்சரிசி வேண்டாம், புழுங்கல்."

"பெரியப்பா?"

"அவிய வாயாலதான் சொன்னாவ."

"அம்மா?"

"அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாதா. நீ வா, பாத்துக்கிடலாம்."

அந்தப் பையனிடம் போனைக் கொடுத்தாள். என்ன எடுத்துவர வேண்டும், கூடாரம் எங்களிடம் இருக்கிறதா, அடுப்புக்குத் தார்ப்பாய் வேண்டுமா என்று கேட்டான். மரியாதையாகப் பேசுகிறான். பெரியண்ணாச்சி சரி என்றால் எல்லாரும் சரி என்றுதானே அர்த்தம். தனித்தனியாக வேறு கேட்டுக்கொண்டிருக்கவேண்டுமா என்ன.

ஆகஸ்ட் 2, வெள்ளி. கல்லோடை.

சாயங்காலம் எல்லாரும் வந்து சேர்ந்தாயிற்று. ஆற்றில் முழங்கால் தண்ணீர். ஐந்து குடில், ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி. முன்பெல்லாம் ஒட்டிப் போடுவோம். கேஸ் இருப்பதால் இடைவெளி விடச்சொல்லி உத்தரவு என்றான் தாணு. தட்டியில் அப்படி எதுவும் நான் படிக்கவில்லை.

இரும்பு அடுப்பை ஐந்து குடிலுக்கும் நடுவில் இறக்கினேன். மணலைக் கெட்டித்து, மேலே பலகைக்கல் போட்டு, காற்று வரும் பக்கம் தகரம் வைத்தேன். எல்லாரும் சுற்றிநின்று பார்த்தார்கள். "அம்சமா இருக்கு" என்றார் பெரியண்ணாச்சி.

ராத்திரிக்கு வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரை. பெரியண்ணாச்சி வீட்டு மதினி தன் குடிலில் பெட்டி அடுப்பில் அப்பளம் பொரித்தாள். நான் நினைத்தது சரி, சில்லறைக் காரியங்களுக்குத்தான் அது.

ஆகஸ்ட் 3, சனி

எழுதவேண்டாம் என்று பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் காரில் வந்தார்கள். சங்கரி இளைத்திருக்கிறாள். பெரியண்ணாச்சி எழுந்து வந்து, "நல்லா இருக்கியாம்மா? ரோடு எப்படி இருந்துது?" என்று கேட்டார். மதினி சிரித்தாள். செழியன் குனிந்து பெரியண்ணாச்சியைக் கும்பிட்டான், அவரும் கையை உயர்த்தினார். ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரம்மு குடிலுக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

பதினொரு மணிக்கு அண்டாவை ஏற்றினேன். செழியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, காத்து தெக்கருந்து திரும்பிருச்சு. தகரத்தக் கொஞ்சம் நகட்டட்டா?"

மாமா என்று அவன் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. நகர்த்தினான். தீ நிமிர்ந்து நின்றது. "நல்ல அடுப்பு மாமா, தேடித்தான் வாங்கிருக்கீங்க" என்றான். இத்தனை நாளில் அந்த அடுப்பைக் கூர்ந்து பார்த்து ஒருவார்த்தை சொன்னவன் அவன் ஒருவன்தான்.

உலை கொதித்தது. சங்கரி தன் படி அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு நின்றாள். முதல் அரிசி மூத்த வீட்டு அரிசிதான். "அரிசி கொண்டாங்க" என்று நான் சத்தம் கொடுத்தேன்.

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பெரியண்ணாச்சி குடிலிலிருந்து டக்கென்று ஒரு சத்தம். அடுத்து தாணு குடிலில். அப்புறம் அந்தப் பக்கம் இரண்டு. பெட்டி அடுப்பைத் திருகும்போது அப்படித்தான் சத்தம் வரும். நாலையும் நானே திருகிப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா.

பெரியண்ணாச்சி வந்து என் தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"நயினாரு, எல்லாருக்கும் வயசாச்சு பாத்துக்கோ. மதினிக்கு உப்பு ஆகாது. தாணுவுக்கு சுகர். ஆளுக்கொரு பக்குவம். அவங்கவங்க அடுப்புல அவங்கவங்க பொங்கிக்கிட்டா ஒருத்தருக்கும் சங்கடமில்ல. நீதானப்பா எழுதுன, ரெண்டு மூணு பேருக்கு அதுதான் சௌகரியம்னு."

"அண்ணாச்சி, கூட்டுப் பானை..."

"பானை இருக்கட்டும். பிள்ள ஆசையா வந்துருக்கா, பொங்கட்டும். நான் ஏதாவது சொன்னேனா?"

சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் வீட்டு அரிசிப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நடுமணலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிரம்மு வந்து படியை என் கையிலிருந்து வாங்கினாள். மதினியின் குடில் பக்கம் போவாள் என்றுதான் நினைத்தேன். நேரே அண்டாவுக்குப் போய்க் கொட்டினாள். சங்கரி கையிலிருந்த அரிசியையும் வாங்கிக் கொட்டினாள். அப்படியே மணலில் உட்கார்ந்து கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

"தேங்கா எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. சங்கரி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அழவில்லை.

"நயினாரு, மதினி இலை போட்டுட்டா. வா." பெரியண்ணாச்சி கூப்பிட்டார்.

அவரிடம் பேசிப்பார்த்து, எல்லாரையும் அழைத்துவரலாம் என்றுதான் போனேன். இலைமுன் உட்காரவைத்தார்கள். போட்ட இலையைவிட்டு எழுந்திருப்பது மரியாதையில்லை. ரசம் நன்றாக இருந்தது. ஒருவாய் சாப்பிட்டதும் பேச நினைத்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. "சின்ன அடுப்புன்னாலும் தீ நல்லாத்தான் நிக்கி" என்றாள் மதினி. ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது சங்கரி நாலு இலை போட்டு வைத்திருந்தாள்.

"வாங்கப்பா. உங்களுக்காகத்தான் யாரும் உக்காரல."

"எனக்குப் பசியில்லம்மா. நெஞ்சக் கரிக்கி."

சங்கரி என் கையைப் பார்த்தாள். கழுவியிருந்தேன்தான், ஆனாலும் பார்த்தாள். பிறகு ஒரு இலையை மடித்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். செழியன் மட்டும் இரண்டுதரம் நிமிர்ந்து, "கொஞ்சமா சாப்பிடுங்க மாமா" என்றான்.

அண்டாவில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. ஐந்து வீட்டுக்கென்று நான்தான் தண்ணீர் அளந்திருந்தேன். இரண்டு வீட்டு அரிசி அதில் கஞ்சி மாதிரிக் குழைந்துவிட்டது. செழியன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு படித்துறைப் பக்கம் போனான். எந்த ஊர்க்காரர்களோ தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். யார் வீட்டுச் சாப்பாடு என்று ஒரு அம்மாள் கேட்டாள். "எங்க வீட்டுச் சாப்பாடுதான், சாப்பிடுங்க" என்றாள் சங்கரி.

நான் அந்தப் பக்கம் நடந்துபோய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு அண்ணாச்சி. ஏன், நீங்க சாப்பிடலியா?" என்றார் அவர்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. அமாவாசை.

விடியற்காலையிலேயே குளித்துக் கும்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். சங்கரி காரருகே நின்று கேட்டாள்.

"அப்பா, வரச்சொல்லும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. சத்தியமா."

"சரிப்பா."

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சரிப்பா என்றுவிட்டாள்.

பிரம்மு பையோடு வந்து பின்சீட்டில் ஏறினாள். எங்கே என்றேன். "மக வீட்டுக்கு." எப்போது வருவாய் என்றேன்.

"ரெண்டு வருசமா மாடியில நின்னு நீங்க பேசுனது எல்லாம் எனக்குக் கேக்கும். கீழ வந்து ஒருநாளாவது, 'வா பிரம்மு, போயி பிள்ளயப் பாத்துட்டு வருவோம்'னு சொல்லுவீயன்னு பாத்தேன். இனிமே நீங்க அங்க வந்து ஒருவாய் சாப்பிடுங்க. சாப்பிட்டா நான் கூட வாறேன்."

கார் போய்விட்டது. அடுப்பைக் கழற்றி, ஆறவைத்து, வேனில் ஏற்றினேன். தாணு ஒரு கை பிடித்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று மதுரைக்குப் போவதாக இருந்தது. பிரம்முவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சட்டை தேய்த்து வைத்து, பழம்கூட வாங்கியாச்சு.

செருப்பு மாட்டும்போது பெரியண்ணாச்சி போன். குடும்பத்தோடு போய்வந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது என்றார். "அடுத்த வருஷம் அந்தப் பெரிய அடுப்பு வேண்டாம்ப்பா. எதுக்கு வீண் சுமை. உனக்கும் ஒரு பெட்டி அடுப்பு வாங்கிரு."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

"பிரம்மு எங்க? சத்தத்தையே காணும்."

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பிரம்மு கூப்பிட்டாள்.

"பஸ் ஏறிட்டீயளா?"

"இல்ல. அடுத்த வாரம் பாக்கலாம்னு..."

 அவள் போனை வைக்கவில்லை. பின்னால் குக்கர் சத்தம், பிறகு செழியனின் குரல். "அத்த, இலை வாங்கப் போறேன். மாமாவுக்கும் சேத்து நாலு வாங்கட்டா?"

"மூணு போதும்" என்றாள் பிரம்மு.